புது நுரையீரல், முதல் 72 மணி நேரம்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காடு முழுக்க அங்கங்கே இருக்கின்றன. ஆபரேஷன் சென்னையில், காத்திருப்பு இங்கே. நான் நெடுங்காலம் ஐசியூவில் நர்ஸாக வேலை பார்த்தவள், வீடு காட்பாடியில். ரிப்போர்ட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்று யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். பெரும்பாலும் செலவைப் பற்றிக் கேட்பார்கள், ஆபரேஷன் எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று நாளில் புது நுரையீரலுக்கு வரக்கூடிய காயத்தைப் பற்றி மட்டும் அது வந்த பிறகுதான் கேட்கிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் அந்த மூன்று நாளும் இவ்வளவு கலங்கிப்போக மாட்டார்கள் என்பது என் எண்ணம். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் நோயாளிக்கு எது சரி என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல முடியும், அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவட்டும்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. மறுநாளே நுரையீரல்ல தண்ணி கோத்துடுச்சுங்கறாங்க. யாரு பொய் சொல்றாங்க?"

யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். தையல் எல்லாம் சரியாக இருக்கும், ரத்தக் குழாய்கள் சரியாக இணைந்திருக்கும், கிருமித் தொற்றும் இருக்காது, ஆனாலும் புது நுரையீரல் நீர் கோத்து, விறைத்துப்போய், ஆக்சிஜனை ரத்தத்துக்குள் அனுப்பத் திணறும். டாக்டர்கள் இதைப் பி.ஜி.டி. (பிரைமரி கிராஃப்ட் டிஸ்ஃபங்ஷன், அதாவது பொருத்திய உறுப்பு தொடக்கத்திலேயே சரியாக வேலை செய்யாமை) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்த 72 மணி நேரத்துக்குள் வருவதற்குத்தான் இந்தப் பெயர். அதற்கப்புறம் புதிதாக வந்தால் வேறு காரணத்தைத் தேடுவார்கள்.

இதை அரிதான விபத்து என்று நினைக்க வேண்டாம். லேசான அளவில் நிறையப் பேருக்கு வருகிறது, பலருக்குத் தானாகவே வடிந்தும் விடுகிறது. கடுமையான அளவில் வரும்போதுதான் ஆபத்து. ஆபரேஷனுக்குப் பிறகான முதல் மாத இறப்புகளுக்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

"நல்லா இருந்த நுரையீரல்தானே வெச்சாங்க? அது எப்படி ஒரே நாள்ல கெடும்?"

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. இது புரிந்துவிட்டால் மருந்து எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதும் புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

காயம் நோயாளியின் உடம்பில் தொடங்குவதில்லை, கொடையாளரின் உடம்பிலேயே தொடங்கிவிடுகிறது. மூளைச்சாவு நடக்கும்போது அட்ரினலின் ஒரேயடியாகச் சுரக்கும், ரத்த அழுத்தம் எகிறும், அழற்சியை, அதாவது காயம் பட்டால் உடம்பே கிளப்பும் வீக்கத்தையும் எரிச்சலையும், தூண்டுகிற சைட்டோகைன் என்ற புரதங்கள் ரத்தத்தில் பெருகும். இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 8 என்றெல்லாம் ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்களே, அந்த வகைதான். அதற்கு மேல் வென்டிலேட்டர் காற்றின் அழுத்தம், விபத்தில் மார்பில் பட்ட அடி, மயக்கத்தில் வயிற்றிலிருந்து மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கியது என்று ஒவ்வொன்றும் சேரும்.

அப்புறம் குளிர். எடுத்த நுரையீரலைப் பொட்டாசியம் குறைவான ஒரு கரைசலால் அலசி, ஐஸ் பெட்டியில் ஏறக்குறைய 4 டிகிரியில் வைத்துக் கொண்டுவருவார்கள். குளிரில் செல்களின் தேவை குறையும், ஆனால் நின்றுபோகாது. ரத்தம் இல்லை, ஆற்றல் தீர்கிறது, செல்லுக்குள் உப்பையும் நீரையும் கணக்காக வைத்திருக்கும் பம்ப் தளர்கிறது. வழக்கமாக 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்று ஓடுவது இதனால்தான்.

மூன்றாவது கட்டம்தான் விசித்திரம். ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கும் அந்த நிமிடம்தான் நுரையீரல் உயிர் பெறுகிறது, காயம் பெரிதாவதும் அப்போதுதான். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து மரத்துப்போன கால், எழுந்து ரத்தம் பாய்கிறபோதுதானே குத்துகிறது, அதைப்போல. திடீரென்று வரும் ஆக்சிஜன் செல்களைத் தாக்கும் மூலக்கூறுகளாக மாறுகிறது. கொடையாளரின் நுரையீரலிலேயே குடியிருக்கும் பெருவிழுங்கிச் செல்கள் முதலில் விழித்துக்கொண்டு அபாயக் குரல் கொடுக்கின்றன. அதைக் கேட்டு அடுத்த சில மணி நேரத்தில் நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்கள், முக்கியமாக நியூட்ரோஃபில்கள், கூட்டமாக உள்ளே வருகின்றன. அவை எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்குகின்றன. கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ஆயுதம் அது, ஆனால் அங்கே கிருமி இல்லை, நுரையீரலின் மெல்லிய சுவர்தான் இருக்கிறது. சுவர் கசிகிறது, காற்றுப் பைகளுக்குள் நீர் இறங்குகிறது.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஆபரேஷனில் நுரையீரலின் நிணநீர்க் குழாய்கள் அறுபடும், அவற்றைத் திரும்ப இணைக்க முடியாது. சாதாரண நுரையீரலில் கசிந்த நீரை வடித்துக்கொண்டு போகும் வழி அதுதான். நரம்புகளும் அறுபடுவதால் தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமல் வராது. நீர் உள்ளே வர வழி உண்டு, வெளியே போக வழி குறைவு. அதனால்தான் அந்த மூன்று நாளும் இவ்வளவு நெருக்கடி.

"கிரேடு 3ன்னு எழுதியிருக்கு. மூணாவது ஸ்டேஜா? கேன்சர் மாதிரியா?"

இல்லை இல்லை, அப்படி நினைத்துக் கலங்க வேண்டாம். இது மாறக்கூடிய எண். காலையில் 3 என்றிருந்தது மறுநாள் 1 ஆகலாம்.

கணக்கு எளிதுதான். ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை பங்கு என்பதால் வகுக்க வேண்டும். ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஆக்சிஜன் 150 என்று இருக்கிறது, வென்டிலேட்டரில் பாதி ஆக்சிஜன் போகிறது என்றால் 150ஐ 0.5ஆல் வகுத்தால் 300. அதே 150, ஆனால் முழு ஆக்சிஜன் போகிறது என்றால் வெறும் 150தான். எக்ஸ்ரேயில் புது நுரையீரலில் வெள்ளை படர்ந்திருந்து, இந்த எண் 300க்கு மேல் இருந்தால் கிரேடு 1, 200 முதல் 300 வரை 2, 200க்குக் கீழே 3. எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் கிரேடு 0. சர்வதேச இதய நுரையீரல் மாற்றுச் சங்கம் 2005இல் வகுத்து 2016இல் திருத்திய அளவுகோல் இது. நுரையீரல் பொருத்தியதும் ஒரு முறை, பிறகு 24, 48, 72 மணி நேரத்தில் பார்ப்பார்கள். முதல் எண்ணை விட 48, 72இல் வரும் எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். டாக்டரிடம் "இன்னைக்கு எண் எவ்வளவு, நேத்து எவ்வளவு?" என்று கேளுங்கள். "எப்படி இருக்காரு?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும், எண்ணைக் கேட்டால் எண் வரும்.

"யாருக்கு வர வாய்ப்பு அதிகம்? எங்க நைனா முப்பது வருஷம் கல் உடைக்கற வேலை."

கல் தூசி, தோல் தொழிற்சாலை ரசாயனம், பீடி இவையெல்லாம் நம் பக்கத்தில் நுரையீரலைக் கெடுத்து ஆபரேஷன் வரை கொண்டுவந்து விடுகின்றன, வாஸ்தவம். ஆனால் பழைய நுரையீரல் எடுக்கப்பட்டுவிடுகிறது, அதிலிருந்த தூசி புது நுரையீரலைத் தொடப்போவதில்லை. பி.ஜி.டி.க்கு வேறு விஷயங்கள்தான் முக்கியம். நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடியிருப்பது, உடல் பருமன், நுரையீரல் நார்த்திசு நோய் அல்லது சார்க்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் இருந்தது, இவை நோயாளியின் பக்கம். கொடையாளர் புகைபிடித்தவராக இருந்தது அவர் பக்கம். ஆபரேஷன் நேரத்தில் இதய நுரையீரல் பைபாஸ் இயந்திரம் ஓட்டியது, நிறைய ரத்தம் ஏற்றியது, ரத்தம் திரும்ப ஓடவிடும் நேரத்தில் ஆக்சிஜனை அதிகமாக வைத்தது என்று மூன்றாவது பட்டியலும் இருக்கிறது. இவற்றில் குடும்பத்தின் கையில் இருப்பது எடை ஒன்றுதான், அதை விட்டுவிடாதீர்கள்.

"அழற்சிதான் காரணம்னா, அழற்சியைக் குறைக்க மருந்து குடுத்தா முடிஞ்சுதே?"

கொடுக்கிறார்கள். பெரும்பாலான மையங்களில் ஆபரேஷன் மேசையிலேயே, ரத்த ஓட்டத்தைத் திறந்துவிடுவதற்குச் சற்று முன்பு, மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை நரம்பில் போகும். ஆஸ்துமா வீசிங்குக்கு நம்மூரில் போடும் ஊசியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய அளவு என்று புரியும். பிறகு படிப்படியாகக் குறைத்து பிரெட்னிசோலோன் மாத்திரைக்கு வருவார்கள். அதோடு டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் என்று உடம்பு புது நுரையீரலை நிராகரிக்காமல் இருக்க மருந்துகள் உண்டு. சில இடங்களில் தொடக்கத்தில் பாசிலிக்சிமாப் ஊசியும் போடுவார்கள்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டாக்ரோலிமஸ் வகையறா தடுப்பது நிராகரிப்பை. அது டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் வேலை, வழக்கமாக நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் வருவது. முதல் மூன்று நாள் காயம் அதைவிட முந்திய, நிமிடக்கணக்கில் கிளம்பும் பழைய பாதுகாப்புப் படையின் வேலை. ஒன்றுக்கான மருந்து மற்றதை முழுதாக அடக்காது. ஸ்டீராய்டு மட்டும்தான் இரண்டு பக்கமும் ஓரளவு கை வைக்கிறது.

"அப்ப ஸ்டீராய்டையே இன்னும் ஜாஸ்தியா போடச் சொல்லலாமா?"

வேண்டாம், இதை வற்புறுத்தாதீர்கள். கோவிட் நேரத்தில் டெக்ஸாமெத்தசோன் உயிர் காப்பாற்றியதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இப்படிக் கேட்கிறார்கள். 2020இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி சோதனையில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். அதே சோதனையில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதுவும் தினம் 6 மில்லிகிராம்தான். சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில், அளவோடு கொடுத்ததுதான் வேலை செய்தது.

மாற்று நுரையீரலில் ஸ்டீராய்டுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. மனிதருக்கு முதல் நுரையீரல் மாற்று 1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி செய்தது, நோயாளி 18 நாள் இருந்தார். அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது வருடம் உலகம் முழுக்க முயன்றும் யாரும் நீண்ட நாள் பிழைக்கவில்லை. காரணங்களில் ஒன்று, மூச்சுக்குழாயில் போட்ட தையல் ஆறாமல் பிரிந்துபோவது. கனடாவின் டொராண்டோவில் டாக்டர் ஜோயல் கூப்பர் குழு ஆராய்ந்தபோது, அதிக ஸ்டீராய்டுதான் அந்தத் தையலை ஆறவிடாமல் செய்கிறது என்று கண்டார்கள். ஸ்டீராய்டைக் குறைத்து, நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைப் பயன்படுத்தி, வயிற்றுக் கொழுப்புத் திரையால் தையலைச் சுற்றிக் கட்டி, 1983இல் முதல் நீடித்த வெற்றியைப் பெற்றார்கள். அழற்சியைத் தணிக்கும் அதே மருந்துதான் காயம் ஆறுவதையும் தள்ளிப்போடும், சர்க்கரையை ஏற்றும், பூஞ்சைக்கும் கிருமிக்கும் கதவைத் திறந்துவிடும். வெளிக்காற்றோடு நேரடியாகத் தொடர்புள்ள உறுப்பு நுரையீரல், சிறுநீரகத்துக்கு இல்லாத கிருமி ஆபத்து இதற்கு உண்டு.

"வேற மருந்தே கண்டுபிடிக்கலையா?"

நிறைய முயன்றிருக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடு வாயுவை மூச்சில் கொடுத்தால் நுரையீரல் ரத்தக் குழாய் விரியும், ஆக்சிஜன் ஏறும். எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுத்தால் பி.ஜி.டி. வராமல் தடுக்குமா என்று பார்த்த சோதனை 2003இல் வெளியானது, தடுக்கவில்லை. வந்த பிறகு ஆக்சிஜனைத் தூக்கிப் பிடிக்க மட்டும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புச் சக்திப் புரதத் தொடரை அடக்கும் மருந்து ஒன்று 2005இல் வெளியான சோதனையில் நம்பிக்கை தந்தது, அதை வாங்கியவர்களில் அதிகம் பேருக்கு வென்டிலேட்டர் குழாயைச் சீக்கிரம் எடுக்க முடிந்தது, ஆனாலும் அது வழக்கமான சிகிச்சையாக மாறவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். மேலே எலாஸ்டேஸ் என்று சொன்னேனே, அதைக் கட்டிப்போடும் புரதம் இது, நம் கல்லீரலே தயாரிப்பது. பிறவியிலேயே இது குறைவாக இருப்பவர்களுக்குச் சின்ன வயதிலேயே எம்ஃபிசீமா என்ற, காற்றுப் பைகள் சிதையும் நோய் வரும், அவர்களுக்கு மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்து ஊசியாகக் கொடுப்பது 1980களின் கடைசியிலிருந்தே அமெரிக்காவில் நடக்கிறது. பாதுகாப்பு ஓரளவு தெரிந்த மருந்து, காயத்தின் நடுமையத்திலேயே வேலை செய்கிறது, எதிர்ப்புச் சக்தியை ஸ்டீராய்டு மாதிரி அடியோடு அமுக்குவதும் இல்லை. பன்றிகளுக்கு நுரையீரல் மாற்றிச் செய்த சோதனைகளில் புது நுரையீரல் நன்றாக வேலை செய்தது. மனிதர்களிடம் பெரிய சோதனையில் நிரூபிக்கப்பட்டு வழக்கத்துக்கு வர வேண்டிய கட்டம் இன்னும் தாண்டப்படவில்லை.

உண்மையைச் சொன்னால், பி.ஜி.டி.யைத் தடுப்பதற்கென்றே நிரூபணமான ஒற்றை மருந்து இன்று கிடையாது. காயத்துக்கு வழிகள் பல, ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் கசிகிறது. அதனால் "வெளிநாட்டு ஊசி ஒண்ணு இருக்காம், வரவழைச்சுத் தரேன்" என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். நிலத்தை விற்றுத்தான் பல குடும்பங்கள் இந்த ஆபரேஷனுக்கே வருகின்றன. முறையான ஆராய்ச்சிச் சோதனையில் சேர்ப்பதாக இருந்தால் மருத்துவமனை எழுத்தில் விளக்கித் தமிழிலேயே ஒப்புதல் படிவம் தரும், சோதனை மருந்துக்குக் காசு கேட்காது.

"மருந்து இல்லேன்னா வேற எது காப்பாத்துது?"

கவனம். சின்னச் சின்னக் கவனங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ஆனால் ஐசியூவில் நின்றவளாக நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

வென்டிலேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், காயப்பட்ட நுரையீரலுக்கு ஒவ்வொரு மூச்சிலும் உடல் எடை கிலோவுக்கு 12 மில்லி காற்று கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தவர்களில் 31 சதவீதம். ஒரு ரூபாய் மருந்துச் செலவு இல்லை, வென்டிலேட்டரில் அளவை மாற்றி வைத்ததுதான். அதிகக் காற்று நுரையீரலை இழுத்து விரிக்கிறது, அந்த இழுப்பே அழற்சியைக் கிளப்புகிறது. சின்ன மூச்சு கொடுப்பதும் ஒருவகையில் அழற்சியைத் தணிக்கும் சிகிச்சைதான். மாற்று நுரையீரலில் இன்னொரு சங்கதி, காற்றின் அளவைக் கொடையாளரின் உயரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். ஆறடி உயர நோயாளிக்குள் ஐந்தடிக் கொடையாளரின் நுரையீரல் இருந்தால், வாங்கிக்கொள்ளப்போவது அந்த ஐந்தடி நுரையீரல்தானே.

அப்புறம் ரத்த ஓட்டத்தைத் திறக்கும்போது ஒரேயடியாகத் திறக்காமல் மெல்ல மெல்ல விடுவது, ஆக்சிஜனைத் தேவைக்கு மேல் கொட்டாமல் இருப்பது, பைபாஸுக்குப் பதிலாக முடிந்த இடத்தில் எக்மோ (உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரம்) பயன்படுத்துவது, டிரிப்ஸைக் கட்டுப்படுத்துவது. கடைசியாகச் சொன்னதைக் குடும்பங்கள் தப்பாகப் புரிந்துகொள்கின்றன. "நாக்கு வறண்டு கெடக்காரு, ஒரு பாட்டில் ஏத்தக் கூடாதா?" என்று கெஞ்சுவார்கள். ஏற்றுகிற நீர் கசியும் சுவர் வழியாகப் போய்ச் சேரும் இடம் காற்றுப் பைதான். நாக்கை ஈரப்பஞ்சால் துடைத்துவிடுவார்கள், அதுவே போதும்.

நுரையீரலை உடம்புக்கு வெளியே, வெதுவெதுப்பாக, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, கரைசலை ஓட்டி, வென்டிலேட்டரால் மூச்சு விடவைத்துச் சோதிக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. சுவீடனின் லுண்ட் நகரிலும் பிறகு டொராண்டோவிலும் வளர்த்தெடுத்த முறை, டொராண்டோ குழுவின் முடிவுகள் 2011இல் வெளியாயின. சந்தேகத்துக்குரிய நுரையீரலைப் பொருத்துவதற்கு முன்பே பரிசோதிக்கலாம் என்பது ஒரு லாபம். நோயாளிக்குப் பக்கவிளைவு இல்லாமல், நுரையீரலுக்கு மட்டும் அழற்சி மருந்தை அங்கேயே கொடுக்கலாம், சைட்டோகைனை வடிகட்டி எடுக்கலாம் என்பது இன்னொரு லாபம். அடுத்த பெரிய முன்னேற்றம் இந்தக் கூண்டிலிருந்துதான் வரும் என்று நான் நினைக்கிறேன்.

"வீக்கத்துக்கு டைக்ளோஃபெனாக் போடறோமே, அதுவும் அழற்சி மருந்துதானே? மஞ்சள், நிலவேம்பு?"

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எதையும் மாற்று சிகிச்சை செய்தவர் தானாக வாங்கிப் போடக் கூடாது. மூட்டு வலிக்குக் கேட்கிறது என்பதற்காக நுரையீரல் காயத்துக்கும் கேட்டுவிடாது. டாக்ரோலிமஸ் ஏற்கெனவே சிறுநீரகத்துக்குச் சுமை, அதோடு இந்த வலி மாத்திரைகள் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் முகம் தெரிந்தவர் என்று கேட்டதும் கொடுத்துவிடுவார், வாங்காதீர்கள்.

குழம்பில் போடும் மஞ்சள் பரவாயில்லை. மஞ்சள் மாத்திரை, கேப்ஸ்யூல், கஷாயம் எல்லாம் டாக்ரோலிமஸ் அளவை மாற்றிவிடக்கூடும், அதனால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். நிலவேம்புக்கும் இதே பதில்தான். பம்பளிமாஸ் பழத்தை அறவே விட்டுவிடுங்கள், ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். ஆபரேஷனுக்கு முன்பு, மூச்சு வாங்குகிறதே என்று லோக்கல் கிளினிக்கில் அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது இன்னொரு பழக்கம். போட்டது என்ன, எவ்வளவு என்பது மாற்று சிகிச்சைக் குழுவுக்குத் தெரியாமல் போனால் ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் விழும், காயம் ஆறாது. சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக் காட்டுங்கள்.

"ஐசியூல பார்த்தா பயமா இருக்கே. எதைப் பார்த்துப் பயப்படணும், எதைப் பார்த்துப் பயப்படக் கூடாது?"

வாயில் குழாய், மார்பின் இரண்டு பக்கமும் நீர் வடியும் டியூப், கழுத்தில் லைன், கையில் கட்டு. இவை எல்லாருக்கும் உண்டு. டியூபில் முதல் நாள் சிவப்பாக வருவதும் வழக்கம்தான். அலாரம் அடிக்கடி அடிக்கும், நர்ஸ் நிதானமாக வந்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போனால் அது ஒன்றுமில்லை. பி.ஜி.டி. வந்தால் வென்டிலேட்டர் குழாயில் இளஞ்சிவப்பாக நுரை ஏறும், சக்ஷன் போட்டு எடுத்த சிறிது நேரத்தில் திரும்ப ஏறும். அந்த நுரையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், அதனால்தான் முன்பே சொல்லி வைக்கிறேன். அது ரத்தக் கசிவு இல்லை, காற்றுப் பைக்குள் வந்த நீரோடு காற்று கலந்த நுரை. அதைப் பார்த்த பிறகும் குணமானவர்கள் இருக்கிறார்கள்.

"எக்மோ வெக்கணும்னு சொல்றாங்க. முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமா?"

இல்லை. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப அனுப்பும் இயந்திரம் எக்மோ. நுரையீரலைக் குணப்படுத்தாது, குணமாக நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்தில் வென்டிலேட்டரை ரொம்ப மென்மையாக வைக்கலாம். மேலே சொன்ன ஆக்சிஜன் கணக்கு எண் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடாமல் சீக்கிரம் வைப்பதுதான் நல்லது. செலவு பயமுறுத்தும், உண்மை, அதனால் ஆபரேஷனுக்கு முந்திய பேச்சிலேயே "எக்மோ தேவைப்பட்டால் அந்தச் செலவு இந்தத் தொகைக்குள்ளா, தனியா?" என்று மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். கடுமையான பி.ஜி.டி.யிலிருந்து மீண்டவர்களுக்குப் பிற்காலத்தில் நாள்பட்ட நிராகரிப்பு வர வாய்ப்பு கூடுதல். மூச்சுப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்வது, வீட்டிலேயே ஸ்பைரோமீட்டரில் ஊதி எண்ணை நோட்டில் எழுதுவது, மருந்து வேளை தவறாமல் இருப்பது இதெல்லாம் அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

"நாங்க வேலூர்ல, ஆஸ்பத்திரி சென்னையில. கூப்பிட்டா போய்ச் சேர முடியுமா?"

ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வாலாஜா தாண்டி, காஞ்சிபுரம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு அப்புறம்தான் நெரிசல். ஆக்சிஜன் சிலிண்டரோடு போகும் வண்டியை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு டிரைவர் எண் கையில் இருக்கட்டும், போனை இரவில் அணைக்காதீர்கள். சில குழுக்கள் காத்திருக்கும் காலம் முழுக்கச் சென்னையிலேயே வீடு எடுத்துத் தங்கச் சொல்லும், அதற்குக் காரணம் மேலே சொன்ன ஐஸ் பெட்டிக் கணக்குதான். காத்திருக்கும்போது மூச்சுப் பயிற்சியும் நடையும் விடக் கூடாது, ஆக்சிஜன் போட்டுக்கொண்டாவது நடக்க வேண்டும். மே மாத வேலூர் வெயிலில் விடியற்காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

"எங்க ஊர்ல ஒருத்தருக்கு மூளைச்சாவு. நுரையீரலும் எடுக்கலாமான்னு கேக்கறாங்க. குடுத்தா அது வேலை செய்யுமா?"

இந்தக் கேள்வி கொடையாளர் குடும்பத்திலிருந்து வந்தது, அவர்களுக்கு என் வணக்கம். 1971இல் இந்தியாவில் சிறுநீரக மாற்றுக்கு வழி திறந்துவைத்த சி.எம்.சி. இருக்கும் ஊர் நம்முடையது. ஆனால் சிறுநீரகத்தை உயிரோடு இருக்கும் உறவினர் கொடுக்கலாம், நுரையீரல் நம் நாட்டில் அநேகமாக மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான் வர வேண்டும்.

முதலில் மூளைச்சாவை உறுதிசெய்ய வேண்டும். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கும். அதன்பிறகுதான் உங்களிடம் கேட்பார்கள். சம்மதித்தால் யாருக்குப் போகும் என்பதை டிரான்ஸ்டான் என்ற தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் வரிசைப்படி முடிவு செய்யும். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது.

வேலை செய்யுமா என்ற கேள்விக்குப் பதில், சம்மதம் சொன்ன பிறகு அடுத்த சில மணி நேரம் அந்த ஐசியூவில் நுரையீரலை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கொடையாளருக்கும் மெத்தில்பிரெட்னிசோலோன் கொடுப்பார்கள், அழற்சியை அங்கேயே தணிக்க. 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மூளைச்சாவு அடைந்தவர்களின் வென்டிலேட்டரைச் சின்ன மூச்சுக்கு மாற்றி வைத்தபோது பொருத்த முடிந்த நுரையீரல் 27 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக, இரு மடங்காகக் கூடியது. அதனால் தயங்காமல் அங்கிருக்கும் டாக்டரிடம் கேளுங்கள்: "நுரையீரலைக் காப்பாத்தற மாதிரி வென்டிலேட்டரை வெச்சிருக்கீங்களா? சக்ஷன் ஒழுங்கா எடுக்கறாங்களா? தலைமாட்டை உயர்த்தி வெச்சிருக்காங்களா?" கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. சென்னையில் யாரோ ஒருவருக்கு முதல் 72 மணி நேரம் எப்படிப் போகும் என்பதில் பாதி, வேலூரில் அந்தக் கட்டிலருகேயே முடிவாகிவிடுகிறது.